தலை நிறையச் சோப்பு நுரை

தலை நிறையச் சோப்பு நுரையோடு நிற்கிற மனைவியிடம் ஒரு மனுஷன் எதை வேண்டுமானாலும் பேசலாம், நியாயம் மட்டும் பேசக் கூடாது. டிரைவர் அன்றைக்கு அதைத்தான் பேசினார்.

"நீ கொஞ்சம் பார்த்து செலவு பண்ணினா என்ன? குழாயைத் திறந்து விட்டுட்டே நின்னா தண்ணி எங்கேருந்து வரும்?"

குளியலறைக் கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கண் மட்டும் தெரிந்தது. இன்னொரு கண்ணைச் சோப்பு மூடியிருந்தது. அந்த ஒரு கண்ணே போதுமானதாக இருந்தது.

"நேத்து சாயங்காலம்தானே தொட்டியை ரொப்பினீங்க?"

"ஆமா."

"ரொப்பின தண்ணி எங்கே போச்சு? நான் குடிச்சிட்டேனா?"

டிரைவர் அளவுக் குச்சியை எடுத்துக்கொண்டார். படியேறி, அவர்கள் குடியிருக்கும் படகின் மேல்தளத்துக்குப் போனார். தண்ணீர்த் தொட்டி கீழே படுக்கைக்கு அடியில், அதன் மூடி மட்டும் மேலே; அதைத் திருகித் திறந்தார். 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. குச்சியை விட்டுப் பார்த்தால் தொட்டி ஏறக்குறைய விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு கீழே இறங்கி வந்தபோது குளியலறையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"பார்த்தியா, தானா சரியாயிடுச்சு" என்றார்.

ஒரு மாதமாக அவர் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். தானாகக் கெட்டுப் போகிறது, தானாகச் சரியாகிறது, நடுவில் நாம் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பஸ் ஓட்டிய காலத்தில் பிரேக் விஷயத்தில் இப்படி இருந்திருந்தால் பாதிப் பேர் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் விஷயம் என்பதால் மெத்தனம்.

அவர் ஓய்வு பெற்றுவிட்ட பஸ் டிரைவர். படகுத்துறையிலும் அந்தப் பெயர்தான். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்காரர்கள் சிஸ்டர் என்றார்கள், அதைக் கேட்டுப் படகுத்துறையும் சிஸ்டர் என்றது, கேலியாக ஆரம்பித்துக் கடைசியில் டிரைவருக்கும் அதுவே பழகிவிட்டது. கட்டின பெண்டாட்டியை சிஸ்டர் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் உலகத்திலேயே இவர்தான் என்று பக்கத்துப் படகுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இந்தப் பழைய இரும்புப் படகை அவர் வாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் பாதி ராத்திரிகளை வெளியூர் டிப்போக்களின் பெஞ்சில் கழித்தவர். அவள் பாதி ராத்திரிகளை வார்டில் கழித்தவள். இவர் வீடு திரும்பும்போது அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். வாசலில் சாவி கைமாறும், அவ்வளவுதான் குடித்தனம். ஓய்வுக்குப் பிறகாவது ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும், ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவள் பெரிதாக ஆசைப்படவில்லை. ஆனாலும் "சரி, வாங்க பார்ப்போம்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தச் 'சரி'க்காக அவள் மேல் அவருக்கு இன்றும் ஒரு தனி மரியாதை உண்டு.

அன்று குளித்து முடித்து வந்தவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே நிதானமாகப் பேசினாள். கத்தியிருந்தால் டிரைவருக்குப் பயம் வந்திருக்காது.

"மேட்ரன் நர்ஸ் குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம் ஒதுக்கி வெச்சிருக்காங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். நான் போறதா இருக்கேன்."

"நாம அங்க போறோமா?"

"நாம இல்லை, நான். அது பொம்பளைங்க குவார்ட்டர்ஸ். ஆம்பளைங்களுக்குக் கேட் வரைக்கும்தான்."

"அப்ப நான்?"

"நீங்க உங்க படகோட இருங்க. லீவு நாள்ல வந்து பார்த்துட்டுப் போறேன். நாள் முழுக்க நோயாளிங்களோட நின்னுட்டு வரேன். உடம்புல என்னென்ன வாடையோ ஒட்டியிருக்கு. ஒரு குளியல், நிம்மதியா ஒரே ஒரு குளியல், அதுகூட இங்க கிடைக்கலை. கேட்டா நான் தண்ணியை வீணாக்குறேங்கிறீங்க."

மறுபடியும் கேட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிற குடித்தனமா? அதற்கா இத்தனை பாடு? டிரைவருக்கு அழுகை வந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மேலே போய் மைத்துனனுக்குப் போன் செய்தார்.

மைத்துனன் சிஸ்டருக்குக் கூடப் பிறந்த தம்பி, பிளம்பர். வீடு, ஓட்டல், படகு எதுவானாலும் தண்ணீர் ஓடுகிற இடமென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கொஞ்சம் கர்வி. ஆனால் கர்வப்படத் தகுந்த வேலைக்காரன். மறுநாள் ஞாயிறு, காலையிலேயே தோளில் பையோடு வந்து சேர்ந்தான்.

"என்ன மாமா, எங்க அக்காவைச் சோப்போட நிக்க வெச்சுட்டீங்களாமே."

"வந்ததும் ஆரம்பிச்சிடாதே மச்சான். பம்ப் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். புதுசு போட்டுடலாமா?"

"பார்க்காம எப்படிப் போடறது? மனுஷனுக்கு வயித்துவலின்னா வயித்தை மாத்திடுவீங்களா?"

சமையலறை மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சிஸ்டர் தலை நிமிராமல் சிரித்தாள். அவளுக்கு அன்றைக்கு விடுமுறை. அறை மூலையில் அவளுடைய பெட்டி பாதி அடுக்கிய நிலையில் திறந்தே கிடந்தது. டிரைவர் அந்தப் பக்கமே பார்க்காமல் நடந்துகொண்டிருந்தார்.

மைத்துனன் படிக்கட்டுக்குக் கீழே இருந்த பலகையைக் கழற்றி உள்ளே தலையை நுழைத்தான். அங்கேதான் பம்ப். கைக்கு அடக்கமான சாமான். குழாயைத் திறந்தால் தானாக ஓடும், மூடினால் தானாக நிற்கும். தொட்டியிலிருந்து ஒரு டியூப் வந்து ஒரு சின்ன வடிகட்டிக்குள் போய், அதிலிருந்து பம்புக்கு வந்து, அங்கிருந்து சமையலறைக்கும் குளியலறைக்கும் பிரிகிறது. மொத்த அமைப்பும் அவ்வளவுதான்.

"என் வழக்கம் ஒண்ணு இருக்கு மாமா. எந்த வேலையா இருந்தாலும் முதல்ல தொட்டியில தண்ணி இருக்கான்னு பார்த்துடணும். பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் காலித் தொட்டியை வெச்சுக்கிட்டு பம்பைப் பிரிச்சிருக்காங்க. நீங்க மேல போய்ப் பார்த்துச் சொல்லுங்க."

டிரைவர் மேலே போனார். மூடியைத் திறந்தார். உஸ் என்றது. குச்சியை விட்டு, "முக்கால்வாசிக்கு மேல இருக்கு" என்று குரல் கொடுத்தார். அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீழே நடப்பதைப் படிக்கட்டு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைத்துனன் சமையலறைக் குழாயைத் திறந்தான். தண்ணீர் ஜோராகக் கொட்டியது. ஒரு வாளி, இரண்டு வாளி, மூன்று வாளி. குளியலறையிலும் அதே கதை. பம்ப் சத்தம் ஒரே சீராக இருந்தது.

"எங்க மாமா கோளாறு? இது குதிரை மாதிரி ஓடுது."

டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போன குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தகப்பன் மாதிரி டிரைவர் அசடு வழிந்தார். மூடியைத் திருகி மூடிவிட்டுக் கீழே வந்தார். சிஸ்டர் டீ போட்டாள். மூன்று பேரும் குடித்தார்கள். டம்ளர்களைக் கழுவ அவள் குழாயைத் திறந்தாள். கொஞ்ச நேரம் நன்றாக வந்தது. பிறகு மெலிந்தது. பிறகு நூலாகிச் சொட்டுச் சொட்டாகி நின்றே போனது. படிக்கட்டுக்குக் கீழே பம்ப் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு உறுமியது.

"இப்பப் பாரு" என்றாள் தம்பியிடம்.

அவன் முகம் மாறிவிட்டது. இதுவரைக்கும் அக்கா வீட்டுக்கு வந்த தம்பி, இப்போது வேலைக்காரன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "மாமா, முதல்லேருந்து வருவோம். தொட்டி."

டிரைவர் மறுபடி மேலே போனார், திறந்தார், தண்ணீர் இருக்கிறது என்றார். அவன் அதற்குள் பம்பை நிறுத்தி வடிகட்டியைக் கழற்றினான். உள்ளே துரு மாதிரி இரண்டு துணுக்குகள் இருந்தன. விரலில் எடுத்துப் பார்த்து, "இதுக்கெல்லாம் நிக்காது. ஆனாலும் கழுவிடுவோம்" என்றான். கழுவி மாட்டினான். தண்ணீர் கொட்டியது. டிரைவர் சந்தோஷமாக மூடியை மூடிவிட்டு வந்தார். இரண்டு வாளிக்குப் பிறகு நின்றுபோனது.

அடுத்து அவன் பம்பையே பிரித்தான். அவன் வேலை செய்வதைப் பார்க்க டிரைவருக்குப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அசந்துதான் போனார். கழற்றிய திருகாணிகளை ஒரு பழைய துண்டின்மேல் கழற்றிய வரிசையிலேயே வைத்தான். உள்ளே இருந்த ரப்பரை வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவித் தடவிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தான். அவசரமே இல்லை. மூடியதும் பம்பின் வாயில் ஒரு துண்டு டியூபை மாட்டி, அதை வாளித் தண்ணீரில் விட்டு ஓட்டினான். பம்ப் வாளியைச் சளைக்காமல் உறிஞ்சிக் காலி செய்தது.

"பம்ப் நிரபராதி" என்றான். "கோளாறு தொட்டிக்கும் பம்புக்கும் நடுவுல. டியூப்ல எங்கயாவது ஓட்டை இருந்து காத்து இழுக்கணும், இல்லைன்னா அடைப்பு இருக்கணும்."

பையிலிருந்து உள்ளே போவது வெளியே தெரிகிற மாதிரி ஒரு துண்டு டியூபை எடுத்துப் பம்புக்கு முன்னால் பொருத்தினான். காற்று இழுத்தால் குமிழி தெரியும். அக்கா குழாயைத் திறந்து வைத்தாள். தம்பி டார்ச் வெளிச்சத்தில் கண் கொட்டாமல் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. தண்ணீர் சுத்தமாக ஓடியது, மெதுவானது, நின்றது. நின்ற பிறகு டியூப் உள்பக்கமாகச் சப்பிப் போனது.

"ஆங், அடைப்பு. மாட்டிக்கிட்டான்" என்று துள்ளினான். தொட்டியின் அடியிலிருந்து வரும் டியூபை அப்படியே உருவினான். உருவியதும் அது குளுக் குளுக்கென்று நாலு மடக்குக் காற்றை விழுங்கியது. பிறகு மளமளவென்று தண்ணீர் அவன் மடியில் கொட்டியது. அடைப்பாவது ஒன்றாவது.

டியூபைத் திரும்ப மாட்டிவிட்டு, நனைந்த சட்டையும் தலையில் ஒட்டடையுமாக மைத்துனன் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தான். வெயில் சாயத் தொடங்கிவிட்டது. டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சிஸ்டர் பீன்ஸை எப்போதோ நறுக்கி முடித்துவிட்டாள். பெட்டியில் மடித்து வைக்க வேண்டிய புடவை ஒன்று அவள் மடியில் இருந்தது. மடிக்காமல் வைத்திருந்தாள்.

"நான் தோத்துட்டேன்க்கா" என்றான் தம்பி. "மாமா சொன்ன மாதிரி புது பம்ப் போட்டுட்டுப் போயிடலாம். மாட்டும்போது நல்லா ஓடும், நீங்களும் என்னைப் புகழுவீங்க. நாளைக்கே நின்னுடும். தெரிஞ்சே அந்த வேலையை நான் செய்ய மாட்டேன்."

சொன்னவன் கர்வி என்பது டிரைவருக்குத் தெரியும். அந்தக் கர்விக்குத் தோற்றேன் என்று சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பதும் தெரியும். அவருக்குத் தன்னுடைய 'தானா சரியாயிடுச்சு' ஞாபகம் வந்து கூச்சமாக இருந்தது.

"என்ன எழவுன்னே புரியலைக்கா" என்று அவன் தொடர்ந்தான். "எல்லாம் மூடியிருந்தாக் கெட்டுப் போகுது. எதையாவது திறந்து பார்த்தா நல்லாயிருக்கு. நான் என்னத்தைன்னு கண்டுபிடிக்கிறது?"

சிஸ்டர் புடவையை ஒதுக்கி வைத்தாள்.

"திரும்பச் சொல்லு."

"எதை?"

"இப்ப சொன்னியே, அதை."

"மூடியிருந்தாக் கெட்டுப் போகுது, திறந்தா நல்லாயிருக்குன்னேன்."

அவள் எழுந்தாள். வார்டில் மணியடித்தால் எழுந்து போவாளே, அந்த மாதிரி. முகத்தில் கோபமும் இல்லை, சலிப்பும் இல்லை. டிரைவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, தொட்டியை ரொப்பின அன்னிக்குத்தான் ரொம்ப மோசமா இருக்கு, கவனிச்சீங்களா? பாதி குறைஞ்ச பிறகு கொஞ்சம் தாக்குப் பிடிக்குது."

டிரைவர் கவனித்திருக்கவில்லை. சோப்போடு நின்றவளுக்குத்தானே அது தெரியும்.

"மேல வாங்க. நீங்க மூடியைத் திறக்கறதை நான் பார்க்கணும். டேய், நீ கீழேயே இரு. தண்ணி நிக்கற வரைக்கும் குழாயைத் திறந்து விடு. நின்னதும் குரல் கொடு."

இதுவரைக்கும் வேலை இப்படித்தான் பங்காகி இருந்தது. மேலே போகிறவர் டிரைவர், கீழே பம்புக்குள் தலையை விட்டிருப்பவன் மைத்துனன். மேலே நடப்பது கீழே இருப்பவனுக்குத் தெரியாது. இப்போதுதான் முதல்முறையாக இன்னொரு ஆள் மேலே வந்து மூடிக்குப் பக்கத்தில் குந்தினாள். கையில் ஆஸ்பத்திரிப் பையிலிருந்து எடுத்த ஒரு துண்டுப் பஞ்சு இருந்தது.

"நின்னுடுச்சு" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"மெதுவாத் திருகுங்க" என்றாள்.

டிரைவர் திருகினார். உஸ் என்றது.

"அது என்ன சத்தம்?"

"இதுவா? இது எப்பவும் அப்படித்தான். பழைய மூடி லொடலொடன்னு இருந்துச்சு. பெயிண்ட் அடிச்சப்ப நல்ல ரப்பர் வாஷர் வாங்கிப் போட்டேன். சும்மா கிண்ணுன்னு உக்காந்துக்கிச்சு" என்று டிரைவர் பெருமையாகச் சொன்னார்.

கீழேயிருந்து மைத்துனன் தலை படிக்கட்டில் முளைத்தது. "எப்பவுமா? தினமும் உஸ்ஸுங்குதா? ஏன் மாமா என்கிட்ட சொல்லலை?"

"நீ எங்கே கேட்டே? தண்ணி இருக்கான்னு கேட்டே, இருக்குன்னேன்."

மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். சிஸ்டர் இருவரையும் கவனிக்கவில்லை. "மறுபடி மூடுங்க. மறுபடி தண்ணி நிக்கட்டும். எனக்கு ஒண்ணு தெரியணும். அந்த மூச்சு உள்ள போகுதா, வெளிய வருதா?"

மறுபடி மூடினார்கள். தண்ணீர் மெலிந்து நின்றது. டிரைவர் மூடியை மயிரிழை அளவுக்குத் திருகியபோது அவள் பஞ்சைப் பிரித்து இழையாக்கி விளிம்பில் பிடித்தாள். உஸ். பஞ்சு சடக்கென்று இடுக்கில் ஒட்டி உள்ளே இழுபட்டது.

"உள்ள இழுக்குது" என்றாள் சிஸ்டர். முகம் மலர்ந்துவிட்டது. "தொட்டி மூச்சு முட்டிக் கிடக்குதுங்க. காத்து போக வழியே இல்லை."

பிறகு தன் தம்பிக்கு விளக்கினாள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குளுக்கோஸ் எல்லாம் கண்ணாடி பாட்டிலில்தான் வரும். பாட்டிலைக் கவிழ்த்துத் தொங்கவிட்டால் மட்டும் போதாது. காற்று போவதற்கென்று தனியாக இன்னொரு ஊசி குத்த வேண்டும். குத்த மறந்தால் கொஞ்ச நேரம் நன்றாக இறங்கும், பிறகு மெதுவாகும், அப்புறம் நின்றே போகும். பாட்டில் நிறையத் திரவம் இருக்கும், ஆனால் ஒரு சொட்டு இறங்காது. உள்ளிருந்து போகிற இடத்தை நிரப்பக் காற்று வேண்டாமா? கண்ணாடி சப்பிப் போகுமா என்ன? புதிதாக வருகிற பெண்கள் டியூபைத் தட்டுவார்கள், நசுக்குவார்கள், நோயாளியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். விஷயம் தலைக்கு மேலே இருக்கும்.

"தண்ணி நிறைய இருக்கும்போது உள்ள காத்து கொஞ்சம்தான். அதான் ரொப்பின அன்னிக்கு சீக்கிரம் நின்னுடுது" என்றாள்.

மைத்துனன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். "காத்துக் குழாய்" என்றான் மெதுவாக. "ஒவ்வொரு தொட்டிக்கும் ஒண்ணு இருக்கும்க்கா. என் புத்தியை என்னன்னு சொல்றது. முதல்ல தொட்டியைப் பாரு, முதல்ல தொட்டியைப் பாருன்னு மூடியைத் திறக்கச் சொல்லி, நானே நோயைச் சொஸ்தமாக்கிட்டு அப்புறம் அதைத் தேடியிருக்கேன்." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். தன்னைப் பார்த்துத் தானே அப்படிச் சிரிக்க முடிந்த கர்வியை டிரைவர் அதுவரை பார்த்ததில்லை.

சிரித்த கையோடு படுக்கைக்குக் கீழே ஊர்ந்து போனான். தொட்டியின் மேல்புறத்தில் விரல் பருமனில் ஒரு குழாய் கிளம்புவதைப் பிடித்துவிட்டான். அதை விடாமல் தடவிக்கொண்டே போனால் அது படகின் பக்கச் சுவருக்குள் போய் முடிந்தது.

"மாமா, வெளியே போய்ப் பாருங்க. கைப்பிடிக் கம்பிக்குக் கீழே இந்த நேருக்கு ஒரு ஓட்டை இருக்கணும். நான் உள்ளேருந்து தட்டறேன்."

டிரைவர் கம்பிக்கு மேலே குனிந்து வெளிப்பக்கத்தைப் பார்த்தார். டொக் டொக் என்று உள்ளே தட்டினான். தட்டிய இடத்தில் ஓட்டை எதுவும் இல்லை. வழவழவென்று இளநீலப் பெயிண்ட்தான் இருந்தது. டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை.

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. இந்தத் துருப்பிடித்த தகரத்துக்கு என் கூட வேலை செய்யறவங்களை எப்படிக் கூப்பிடறது, வெட்கமா இருக்கு என்று ஒன்றரை மாதத்துக்கு முன்னால் சிஸ்டர் ஒரு நாள் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் அவர் பெயிண்ட் அடிக்கவே இறங்கினார். ஆள் வைக்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, குழி, கீறல், பழைய ஆணி ஓட்டை ஒன்று விடாமல் பட்டி பார்த்தார். கம்பிக்குக் கீழே ஓரம் துருப்பிடித்த ஒரு சின்ன ஓட்டை இருந்தது. யாரோ எதையோ பிடுங்கிய இடம் என்று நினைத்து அதற்குத் தனிக் கவனம் எடுத்து இரண்டு தரம் பட்டி வைத்துத் தேய்த்தார். தடவினால் தெரியக் கூடாது என்று அவ்வளவு கண்ணும் கருத்துமாகச் செய்த வேலை. போதாக்குறைக்கு மூடிக்கும் புது வாஷர். தொட்டியின் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தியாயிற்று.

பூசி மெழுகிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பழைய சொந்தக்காரன் அடைத்திருப்பான் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் பக்கத்தில் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். உள்ளே பாதி அடுக்கிய பெட்டி கிடந்தது. அவள் மட்டும் இன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், தடுக்க ஆளில்லாமல் குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். நல்ல குளியலும் கிடைத்திருக்கும்.

"நான்தான் அடைச்சேன்" என்றார். "ஆணி ஓட்டைன்னு நினைச்சுப் பட்டி வெச்சுட்டேன். உன்னைத்தான் தண்ணியை வீணாக்குறேன்னு திட்டிக்கிட்டிருந்தேன். தப்பு என் மேல."

சிஸ்டர் கம்பிக்கு மேலே குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு தரம், இரண்டு தரம்.

"எங்கே ஓட்டை இருந்துச்சுன்னே தெரியலையே" என்றாள். "இவ்வளவு நல்லா அடைச்சிருக்கீங்க."

அது பாராட்டா வசவா என்று தெரியாமல் டிரைவர் திருதிருவென்று விழித்தார். இரண்டும்தான் என்று பிறகு புரிந்தது.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். "உனக்குத்தான் ரூம் தயாரா இருக்கே."

"மூச்சு முட்டிக் கிடக்கறதைப் பார்த்துக்கிட்டு எந்த நர்ஸ் சும்மா இருப்பா? போய் டிரில்லிங் மெஷினை எடுத்துட்டு வாங்க."

மைத்துனன் தான் துளைக்கிறேன் என்றான். டிரைவர் விடவில்லை. அடைத்த கைதான் திறக்க வேண்டும் என்று கம்பியில் வயிற்றை அழுத்திக் குனிந்தார். மைத்துனன் உள்ளேயிருந்து தட்டிக் காட்டினான். சிஸ்டர், கவிழ்ந்துவிடாமல் இருக்க அவருடைய இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நீலப் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. அவர் பார்த்துப் பார்த்துத் தேய்த்த பட்டி, மாவு மாவாகத் தண்ணீரில் விழுந்தது. கடைசியில் துளை திறந்தபோது, படகே பெருமூச்சு விட்ட மாதிரி நீளமாக ஒரு உஸ் கேட்டது. மூன்று பேரும் அதைக் கேட்டார்கள்.

மைத்துனன் அந்தத் துளைக்கு மழைத் தண்ணீர் போகாமல் வளைந்த ஒரு மூக்கை மாட்டினான். பிறகு தொட்டி மூடியை இறுக்கி மூடச் சொன்னான். "இனிமே யாரும் அதைத் திறக்கக் கூடாது. மூடியிருக்கும்போது ஓடினாத்தான் சரியான அர்த்தம்." இந்தத் தடவை முதலில் தொட்டியைப் பார்க்கவில்லை.

சிஸ்டர் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பம்ப் ஓடத் தொடங்கியது. டிரைவர் படிக்கட்டில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மெலியும் மெலியும் என்று பயந்து பயந்து கேட்டார். மெலியவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. நடுவில் அவள் குழாயை மூடினாள், பம்ப் நின்றது. சோப்புப் போடுகிறாள் என்று தெரிந்தது. இத்தனை நாளும் கண்டம் இந்த இடத்தில்தான். டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். குழாய் திறந்தது, பம்ப் ஓடியது, தண்ணீர் ஜோராகக் கொட்டியது. அவர் கண் கலங்கிவிட்டது. மைத்துனன் பார்த்தும் பார்க்காத மாதிரி துண்டின்மேல் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் போட்டான்.

"உங்க அக்கா பெரிய ஆளுடா" என்றார் டிரைவர்.

"இப்பத்தான் தெரியுதா?" என்றான் அவன். "நீங்களும் நானும் நாள் முழுக்க பம்பைப் பார்த்தோம். அவ நம்மளையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கா."

வெகுநேரம் கழித்து சிஸ்டர் வெளியே வந்தாள். தலையில் துண்டு. முகம் கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது. நேராகப் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். டிரைவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மேட்ரன், நான்தான். அந்த ரூமைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன். எனக்கு வேண்டாம், வேற யாருக்காவது கொடுத்துடுங்க. இல்லை, பிரச்சினை ஒண்ணும் இல்லை. சரியாயிடுச்சு. தானா எல்லாம் இல்லை, சரி பண்ணினோம்." டிரைவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்புறம், அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம வார்டு ஆளுங்க எல்லாரும் இங்க சாப்பிட வரணும். ஆமா, படகுக்குத்தான்."

போனை வைத்தாள். பெட்டியிலிருந்த புடவைகளை எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கத் தொடங்கினாள். டிரைவர் ஓடிப் போய் உதவிக்கு நின்றார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த ஓட்டையைச் சுத்திக் கொஞ்சம் பட்டி வெச்சு, ஒரு கை பெயிண்ட் அடிச்சிடட்டுமா? அசிங்கமாத் தெரியுது" என்றார்.

"நீங்க அந்தப் பக்கமே போகக் கூடாது" என்றாள் சிஸ்டர். "வர்றவங்களுக்கு முதல்ல அதைத்தான் காட்டப் போறேன்."